வலை வடிவமைப்புக் கல்வியும் அதன் திறந்த மூலங்களும்

அச்சிட்ட பக்கத்தின் அகலம், எழுத்தின் அளவு, மையின் நிறம் ஆகிய அனைத்தும் அச்சகத்திலேயே உறுதியாகிவிடுகின்றன. நூல் யார் கைக்குப் போனாலும் அவை மாறுவதில்லை. வலைப்பக்கத்தின் இயல்பு வேறு. வழங்கிக் கணினியிலிருந்து புறப்பட்டு வருவன எழுத்துக் குறிகளும் படங்களும் சில அறிவுறுத்தல்களும் மட்டுமே. அவற்றைப் படித்து, வாசகரின் திரை எவ்வளவு அகலமானது, அவருடைய கருவியில் எந்த எழுத்துருக்கள் உள்ளன, எழுத்தை அவர் பெரிதாக்கி வைத்திருக்கிறாரா என்பனவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு பக்கத்தைக் கட்டுவது உலாவி எனப்படும் மென்பொருளாகும். எனவே வலை வடிவமைப்பாளர் ஒரு பக்கத்தின் இறுதித் தோற்றத்தை வரைவதில்லை. அத்தோற்றம் பலவகைச் சூழல்களில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான விதிகளையே எழுதுகிறார். இக்கலையைக் கற்பிக்கும் மூலங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் எவை கற்பவரின் நேரத்துக்குத் தகுதியானவை என்று தெரிந்தெடுக்கவும் இந்த அடிப்படை உண்மையே உதவுகிறது: பக்கம் வாசகரின் திரையில்தான் முழுமை பெறுகிறது என்பதை எந்த மூலம் கற்பவருக்கு உணர்த்துகிறதோ, அதுவே நல்ல மூலம்.

இக்கல்வி இணையத்திலேயே இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989 ஆம் ஆண்டில் முன்வைத்த திட்டத்திலிருந்து உருவான வையவிரிவலை, 1991 இல் ஆய்வகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு அறிமுகமாயிற்று. அதன் அடிப்படை மென்பொருளை எவரும் உரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்தது. அத்துடன், திரையில் தெரியும் பக்கத்தின் மூலநிரலை, அதாவது அப்பக்கத்தை உருவாக்கிய எழுத்துக் கட்டளைகளை, அப்படியே திறந்து பார்க்கும் வசதியும் தொடக்க காலம் முதல் உலாவிகளில் இருந்து வருகிறது. பாடத்திட்டமும் பட்டமும் இல்லாத 1990களில் இத்துறைக்கு வந்த பலர், பிறர் எழுதிய பக்கங்களின் மூலநிரலைப் படித்தே தொழில் கற்றனர். இன்றைய பெரிய தளங்களின் நிரல் சுருக்கப்பட்டும் கலக்கப்பட்டும் வருவதால் வெறும் மூலநிரலைப் படிப்பது முன்புபோல் எளிதாக இல்லை. ஆயினும் 2006 இல் ஜோ ஹியூவிட் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக உருவாக்கிய ஃபயர்பக் என்னும் துணைக்கருவி காட்டிய வழியில், பக்கத்தின் எந்த உறுப்பையும் சுட்டி அதன் விதிகளைப் பார்க்கவும், அங்கேயே மாற்றி விளைவைக் காணவும் உதவும் ஆய்வுக் கருவிகள் எல்லா முதன்மை உலாவிகளிலும் இடம்பெற்றுவிட்டன. ஒரு செய்தித்தாளின் தளத்தைத் திறந்து, அதன் தலைப்பின் அளவையும் பத்திகளின் இடைவெளியையும் மாற்றிப் பார்க்கும் மாணவர் எதையும் கெடுத்துவிடுவதில்லை. மாற்றம் அவருடைய திரையோடு நின்றுவிடுகிறது. காசு செலவில்லாத இப்பயிற்சிக்கு இணையான பாடம் அரிது.

வலைப்பக்கம் மூன்று மொழிகளால் ஆனது. எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்று உள்ளடக்கத்தின் பொருளைக் குறிச்சொற்களால் உணர்த்துவது எச்.டி.எம்.எல்.; நிறம், அளவு, இடஅமைவு ஆகியவற்றை விதிகளாகச் சொல்வது சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள் மொழி. வாசகரின் செயலுக்கு ஏற்பப் பக்கத்தை இயங்கச் செய்வது 1995 இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட். இம்மூன்றுக்கும் நம்பத்தக்க விளக்கக் களஞ்சியமாக எம்.டி.என். வலை ஆவணங்கள் என்னும் தளத்தை முதலில் குறிப்பிட வேண்டும். மோசில்லா நிறுவனம் 2005 இல் தொடங்கிய இக்களஞ்சியத்தில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒவ்வொரு பாணி விதிக்கும் தனிப்பக்கம் உண்டு. அப்பக்கத்தில் விளக்கமும், மாற்றிப் பார்க்கத்தக்க எடுத்துக்காட்டும், எந்த உலாவி எந்தப் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது என்ற அட்டவணையும் அமைந்திருக்கின்றன. தொடக்கநிலை மாணவருக்கான பாடத்தொடரும் அங்கேயே இருக்கிறது. 2017 இல் மைக்ரோசாஃப்ட், கூகுள், சாம்சங் ஆகிய நிறுவனங்களும் டபிள்யூ3சி அமைப்பும் மோசில்லாவுடன் இணைந்து இதனைப் பொதுக் களஞ்சியமாக ஏற்றன. உலாவிச் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே விளக்க நூலின் பின்னால் நிற்கின்றன என்பதே அதன் தகுதிக்குப் போதிய சான்று.

டபிள்யூ3சி என்பது 1994 இல் பெர்னர்ஸ்-லீ நிறுவிய தரநிர்ணய அமைப்பு. பாணித்தாள் மொழியின் முதல் பதிப்பை 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளியிட்டது இவ்வமைப்பே. அதன் வரையறை ஆவணங்கள் உலாவியை உருவாக்குவோருக்காக எழுதப்பட்டவை என்பதால் புதியவருக்குக் கடினமாகத் தோன்றும். ஐயம் எழும்போது இறுதித் தீர்ப்புக்காக மட்டும் அவற்றை நாடுவது போதும். பெயரொற்றுமையால் பலரும் குழம்பும் டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்துக்கும் இவ்வமைப்புக்கும் எத்தொடர்பும் இல்லை. அது 1998 இல் நார்வேயில் தொடங்கப்பட்ட தனியார் தளம். ஒரு விதியின் வடிவத்தை விரைவாக நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும். ஆனால் ஒரு விதி ஏன் அப்படி அமைந்தது என்ற காரணத்தைத் தேடுவோர் எம்.டி.என். பக்கமே செல்ல வேண்டும்.

உள்ளடக்கமும் தோற்றமும் பிரிந்து நிற்பது இக்கலையின் ஆணிவேர். இதனைச் சொல்லில் விளக்கிய நூல்கள் பல இருந்தும், கண்ணால் காணும்படி நிறுவியது ஒரே ஒரு தளம். 2003 மே மாதத்தில் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே தொடங்கிய 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்னும் அத்தளத்தில் எச்.டி.எம்.எல். கோப்பு ஒன்றே ஒன்றுதான். அதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. பங்கேற்கும் வடிவமைப்பாளர் பாணித்தாளை மட்டும் புதிதாக எழுத வேண்டும். அதே சொற்கள், அதே வரிசை, அதே குறிச்சொற்கள். ஆயினும் ஒரு வடிவமைப்பில் பக்கம் பழைய சுவரொட்டியாகவும், மற்றொன்றில் கடலடிக் காட்சியாகவும், இன்னொன்றில் கட்டுப்பாடு மிகுந்த அச்சுத் தாளாகவும் மாறி நிற்பதைக் கண்டவர்கள், பக்கத்தை அட்டவணைக் கட்டங்களுக்குள் அடைத்து வடிவமைத்த அக்காலப் பழக்கத்தைக் கைவிடத் தொடங்கினர். தொழில்நுட்பம் வெகுவாக மாறிவிட்ட இன்றும் அத்தளத்தின் பாடம் பழையதாகிவிடவில்லை. அந்தக் கோப்பைப் பதிவிறக்கித் தானே ஒரு பாணித்தாள் எழுதிப் பார்க்கும் மாணவர், அலங்காரத்துக்காக உள்ளடக்கத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை என்பதை ஒரே வாரத்தில் உணர்ந்துவிடலாம்.

இதே கருத்தின் அடுத்த கட்டத்தை 'எ லிஸ்ட் அபார்ட்' என்னும் இணைய இதழின் பழைய கட்டுரைகளில் காணலாம். ஜெஃப்ரி செல்ட்மேன் தொடங்கிய இவ்விதழில் 2000 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப் எழுதிய கட்டுரை, பக்கத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க விரும்பும் அச்சுக்கால மனப்பாங்கை வடிவமைப்பாளர்கள் விட்டுவிட வேண்டும் என்றும், வலையின் நெகிழ்ச்சி அதன் குறையன்று, வலிமையே என்றும் வாதிட்டது. கைப்பேசியில் வலை பரவலாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட கருத்து இது. பத்தாண்டுகள் கழித்து, 2010 மே மாதத்தில், ஈதன் மார்கோட் அதே இதழில் 'தகவமை வடிவமைப்பு' என்ற முறையை விளக்கினார். அகலங்களை நிலையான புள்ளிக் கணக்கில் சொல்லாமல் விகிதத்தில் சொல்வது, படங்கள் தம்மைத் தாங்கும் பெட்டிக்கேற்பச் சுருங்கும்படி செய்வது, திரையின் அகலம் இன்ன அளவுக்குக் கீழே போனால் இந்த விதிகள் செயற்படுக என்று நிபந்தனை விதிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அம்முறை. இன்று ஒரே முகவரியைக் கைப்பேசியிலும் தொலைக்காட்சித் திரையிலும் படிக்க முடிவதற்கு இதுவே அடிப்படை. இவ்விரு கட்டுரைகளையும் படிக்காமல் நேராகக் கருவிகளைக் கற்கச் செல்வோர், விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு அவற்றின் நோக்கத்தை அறியாமலேயே இருந்துவிடுகின்றனர்.

இடஅமைவுக்கான நவீன விதிகளில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் உறுப்புகளை ஒரு வரிசையில் நெகிழ்வாகப் பரப்புகிறது. கிரிட் கிடைவரிசை, நெடுவரிசை ஆகிய இரண்டையும் ஒருசேர ஆள்கிறது. கிரிட் 2017 மார்ச் மாதத்தில் முதன்மை உலாவிகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இடம்பெற்றது. ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி, கிரிட் கார்டன் என்னும் இரண்டு இலவச விளையாட்டுகள், தவளையை இலைக்கு நகர்த்துவதும் தோட்டப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவதுமாக இவ்விதிகளைப் பழக்குகின்றன. சிறுவர் விளையாட்டு என்று அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. வழிகாட்டுதலோடு படிப்படியாகச் செல்ல விரும்புவோர் 2014 இல் குயின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் பாடத்திட்டத்தை மேற்கொள்ளலாம். எழுதும் நிரலை அங்கேயே சோதித்துப் பிழை காட்டும் முறையால் அது தனித்துக் கற்போருக்கு ஏற்றது. புதிய விதி ஒன்றை வாசகர்களின் உலாவிகள் ஏற்குமா என்ற ஐயத்துக்குக் 'கேன் ஐ யூஸ்' தளத்தின் அட்டவணைகள் விடை தருகின்றன.

கற்பவர்கள் பெரும்பாலும் கடைசியாகத் தொடுவதும், முதலில் தொட வேண்டியதுமான பகுதி அணுகுதன்மை ஆகும். பார்வை, கேட்டல், இயக்கம் ஆகியவற்றில் குறைபாடுடையோரும் பக்கத்தைத் தடையின்றிப் பயன்படுத்தும் தன்மையே அது. இதற்கான டபிள்யூ3சி நெறிமுறைகள் 1999 இல் முதன்முதலாக வெளிவந்தன, அவற்றின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் பரிந்துரையாயிற்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் அந்நெறிகளுள் ஒன்று. கருமை எழுத்து வெண்பின்னணியில் இருக்கும்போது இவ்விகிதம் 21:1. இரண்டும் ஒரே நிறமாயின் 1:1. வழக்கமான அளவுள்ள எழுத்துக்கு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது இடைநிலை விதி. இந்த எண் மனம்போன போக்கில் தேர்ந்ததன்று: கண் மருத்துவர் 6/12 என்று குறிக்கும் அளவுக்குப் பார்வைக் கூர்மை குறைந்தவர், பொதுவாக எண்பது வயதை நெருங்கும் முதியவர், இழக்கும் வேறுபாட்டு உணர்வை ஈடுசெய்யும்படி அது கணக்கிடப்பட்டது. வெண்பின்னணியில் 767676 என்ற குறியெண் கொண்ட சாம்பல் நிறம் 4.54 என்ற விகிதத்தோடு தேறுகிறது. 777777 என்ற சாம்பல் 4.48 ஆகித் தவறிவிடுகிறது. இவ்விரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால்தான் கருவி தேவைப்படுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெப்எய்ம் அமைப்பு இவ்விகிதத்தைச் சோதிக்கும் கருவியையும், முழுப் பக்கத்தையும் ஆராய்ந்து பிழைகளைப் பக்கத்தின் மீதே குறித்துக்காட்டும் வேவ் என்னும் கருவியையும் கட்டணமின்றி வழங்குகிறது. 2019 முதல் ஆண்டுதோறும் பத்து இலட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை இவ்வமைப்பு சோதித்துவருகிறது; ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட பக்கங்களில் பிழைகள் தென்பட்டிருக்கின்றன. அவற்றுள் மிகப் பரவலான பிழை மங்கிய எழுத்தே. ஒரே ஒரு நிற எண்ணை மாற்றித் திருத்திவிடக்கூடிய குறையால் இலட்சக்கணக்கான முதியவர்கள் படிக்க முடியாமல் போவது பொறுத்துக்கொள்ளத்தக்கதன்று.

தானியங்கிக் கருவிகள் எல்லாப் பிழைகளையும் கண்டுபிடிப்பதில்லை. அதனால் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரு நிரலாளர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கிவரும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை, அதாவது திரையிலுள்ளதைக் குரலாக ஒலிக்கும் மென்பொருளை, நிறுவித் தம் பக்கத்தைக் கேட்டுப் பார்ப்பது வடிவமைப்பாளரின் கடமை. தலைப்பெனக் குறிக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்த வரி, கேட்பவருக்கு வெறும் பத்தியாகவே ஒலிக்கும். மாற்றுரை இல்லாத படம் கோப்புப் பெயராக ஒலிக்கலாம் அல்லது அங்கே ஏதும் இல்லாததுபோல் கடந்துபோகலாம். எச்.டி.எம்.எல். குறிச்சொற்கள் பொருளுக்காக ஏற்பட்டவை என்ற பாடம் இங்கேதான் முழுமையாக விளங்குகிறது.

தமிழில் பக்கம் அமைப்போருக்கு இவற்றோடு வேறு சில கடமைகளும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துருவையும் குறியேற்றத்தையும் வைத்திருந்தன; அந்த எழுத்துருவைப் பதிவிறக்காத வாசகருக்குப் பக்கம் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே தெரிந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடு தரம் 1991 இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தும், அது பரவப் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழ்நாடு அரசு 2010 இல் அதனை ஏற்றது. இன்று குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று பக்கத்தின் தலைப்பகுதியில் அறிவித்துவிட்டால் அப்பழைய சிக்கல் எழுவதில்லை. மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல். குறிச்சொல்லிலேயே அறிவிப்பதும் அதே அளவு முக்கியம். திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுப்பது அந்த அறிவிப்பைப் படித்தே ஆகும்.

தோற்றத்திலும் தமிழுக்கெனத் தனித்தேவைகள் இருக்கின்றன. 'கொ' என்ற எழுத்து கணினியில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்ற வரிசையில் பதிவாகிறது. ஒற்றைக்கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் வைத்துத் திரையில் கோப்பது உலாவியிலுள்ள எழுத்தமைப்புப் பொறியின் வேலை. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குவதாலும் இகர ஈகாரக் குறிகள் மேலே எழுவதாலும், இலத்தீன் எழுத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கமாகிவிடுகிறது; எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடுதலாக வைத்தால் கண் களைப்பின்றிப் படிக்கலாம். நீண்ட புணர்ச்சித் தொடர்கள் மிகுந்த மொழியாதலால் கைப்பேசியின் குறுகிய பத்தியில் இருபுறமும் சீராக்கி அமைத்தால் சொற்களிடையே பெரும் பள்ளங்கள் விழுகின்றன. இடப்புறம் மட்டும் சீராக விடுவதே நன்று. சாய்வெழுத்து பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் வரையப்படுவதில்லை. உலாவி நேரெழுத்தையே இயந்திரத்தனமாகச் சாய்த்துக் காட்டுகிறது. ஆகவே அழுத்தம் தரத் தடித்த எழுத்தோ நிறமோ பொருத்தம். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்த மலர், மீரா இனிமை முதலியவற்றை அங்கேயே தமிழ் வரிகளில் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் எழுத்துமுறை வலையில் சந்திக்கும் குறைகளைத் தொகுக்கும் ஆவணங்களை டபிள்யூ3சியின் பன்னாட்டுமயமாக்கற் குழுவும் வெளியிட்டுவருகிறது. தமிழ்த் தளம் அமைப்போர் அவற்றைப் படிக்க வேண்டும்.

பக்கம் எவ்வளவு அழகாயினும், அது வந்து சேரும் முன்பே வாசகர் விலகிவிட்டால் பயனில்லை. வேகத்தை அளக்கக் கூகுள் 2020 இல் அறிவித்து, 2024 இல் அவற்றுள் ஒன்றை மாற்றியமைத்த மூன்று அளவைகள் இப்போது பொதுவழக்காகிவிட்டன. பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொடுதலுக்கு 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். படிக்கும்போதே வரிகள் இடம் பெயரும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் நான்கில் மூன்று பங்குக்கேனும் இவை நிறைவேறினால்தான் பக்கம் தேறும். குரோம் உலாவியிலேயே உள்ள லைட்ஹவுஸ் என்னும் கருவி, நடுத்தரக் கைப்பேசியையும் மெதுவான இணைப்பையும் போலச் செய்து பக்கத்தைச் சோதிக்கிறது. புதிய கணினியின் முன் அமர்ந்திருக்கும் வடிவமைப்பாளருக்கு அச்சோதனை பெரும்பாலும் அதிர்ச்சியே தரும்.

பயன்பாட்டு எளிமையை அறிய, ஜேகப் நீல்சன் 1994 இல் முறைப்படுத்திய பத்து நெறிகளும், அவரும் டொனால்ட் நார்மனும் நடத்திய நிறுவனத்தின் தளத்திலுள்ள ஆய்வுக் கட்டுரைகளும் உதவும். ஊக்கம் தேடி அழகிய வடிவமைப்புகளின் படத்தொகுப்புத் தளங்களில் நாள்களைக் கழிப்பது மட்டும் பயனற்றது. அங்கே காண்பவை ஒரே திரையளவில் உறைந்த படங்கள். சுருங்கும் திரையில், பெரிதாக்கிய எழுத்தில், மெதுவான இணைப்பில் அவை எவ்வாறு அமையும் என்பதை அப்படங்கள் காட்டுவதில்லை.

இத்துணை மூலங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. எம்.டி.என். களஞ்சியத்தின் மொழிபெயர்ப்புகளில் பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், சீனம் முதலியன இருந்தும் தமிழ் இல்லை. ஆனால் அதன் விளக்கங்கள், மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் வெளியிட்டால் எவரும் மொழிபெயர்க்கலாம் என்ற அனுமதியோடு வெளிவருகின்றன. இத்துறையில் தேர்ந்த தமிழர்கள் ஒவ்வொருவரும் தாம் நன்கறிந்த ஒரு விதியை, ஒரு குறிச்சொல்லை, ஓர் அணுகுதன்மை நெறியைத் தமிழில் எழுதி வெளியிட முன்வர வேண்டும்.